விலா எலும்பு விரலில் படுகிறதா?

சாயங்காலக் காபி நேரம். டம்ளர் மேசைக்கு வந்ததும் சோபாவுக்கு அடியிலிருந்து பக் நாய் எழுந்து வருகிறது. நாலடி நடப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. முன்கால் இரண்டையும் பாட்டியின் மடியில் ஊன்றி அண்ணாந்து பார்க்கிறது. “வாயில்லா ஜீவன், பாவம்” என்று பாட்டி ஒரு மாரி பிஸ்கட்டை நீட்டுகிறார். ஸ்கூல் விட்டு வந்த பேரன் இரண்டு போடுகிறான். ஆபீஸிலிருந்து வரும் அப்பா இரண்டு. ராத்திரிப் பாத்திரம் கழுவும்போது அம்மா கையால் கடைசியாக ஒன்று. மொத்தம் ஆறு என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவரவர் கணக்கில் ஒன்றோ இரண்டோதான்.

2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிவந்த இந்தச் சப்பை மூக்கு நாய், நம் ஊர் அடுக்குமாடிகளிலும் செல்லமாகிவிட்டது. பக் இனத்துக்கு உரிய எடை ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ. நம் காபி நேரத்துப் பக் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 கிலோவுக்கு இறங்க அதற்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு? கால்நடை மருத்துவர்கள் கணக்கைத் தொடங்கும் இடம் சுமார் 330 கலோரி. ஒரு மாரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி இருக்கும். ஆறு பிஸ்கட் 150. நாள் கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, சாப்பாட்டுத் தட்டை எடுக்காமலே தீர்ந்துவிட்டது.

இதில் யாரையும் குற்றவாளியாக நிறுத்த முடியாது. சோறு போடுவதுதான் நமக்குத் தெரிந்த அன்பு. குழந்தையானாலும் நாயானாலும் கொழுகொழுவென்று இருந்தால்தான் நன்றாக வளர்க்கிறார்கள் என்று ஊர் சொல்லும். ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, ஓடுவதற்கென்றே பிறந்த சிப்பிப்பாறை நாயைக் கயிறு பிடித்துக் கூட்டிப் போகிறவரிடம், “இதுக்குச் சோறே போடறதில்லையா?” என்று வழியில் கேட்பவர்கள் உண்டு. அந்தச் சிப்பிப்பாறையின் உடம்புதான் சரியான உடம்பு என்பது கேட்பவருக்குத் தெரியாது. குண்டு நாய்களையே பார்த்துப் பழகிய கண் அது.

கொஞ்சம் பூசினாற்போல இருந்தால் என்ன குறைந்துவிடும் என்ற கேள்விக்குப் பதில் சொன்ன ஆய்வு ஒன்று உண்டு. 1987-ல் அமெரிக்காவில் பியூரினா என்ற செல்லப்பிராணி உணவு நிறுவனம் 48 லாப்ரடார் குட்டிகளை எடுத்தது. கூடப்பிறந்தவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்தது. ஒரே உணவுதான்; ஆனால் ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக வைத்தார்கள். வாழ்நாள் முழுக்க அப்படியே. 2002-ல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம். மற்றவற்றுக்கு 11.2. மூட்டு தேய்ந்து மருந்து தேவைப்பட்டதும் மெலிந்த நாய்களுக்கு ஏறத்தாழ மூன்று வருடம் தள்ளியே. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அதிகம் சாப்பிட்ட நாய்கள் நடக்க முடியாத பெருந்தொந்திக்காரர்கள் அல்ல. பெரும்பாலான வீடுகளில் “நல்லா இருக்கான்” என்று சொல்லும் அளவுக்குத்தான் எடை போட்டிருந்தன. நாயின் ஆயுளில் ஏறத்தாழ இரண்டு வருடம் சின்ன விஷயமில்லை.

நம் ஊருக்கு இன்னொரு கவலையும் உண்டு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். தோலுக்கு அடியில் சேர்ந்த கொழுப்பு, மே மாதத்தில் கம்பளி போர்த்தியதற்குச் சமம். பக் நாய்க்கு மூச்சுப் பாதை பிறவியிலேயே குறுகல். இந்த இரண்டும் சேர்ந்தால் சித்திரை வெயிலில் ஒரு சின்ன நடையே உயிருக்கு உலை வைத்துவிடும்.

எடை கூடியிருக்கிறதா என்று பார்க்கத் தராசுகூட வேண்டாம். இடது கையை விரித்து, புறங்கையின் மேல் வலது விரல்களை லேசாக ஓட்டிப் பாருங்கள். எலும்பு மெல்லிய தோலுக்கு அடியில் தட்டுப்படும். நாயின் விலாவும் அப்படித்தான் விரலில் பட வேண்டும். மடக்கிய முஷ்டியின் முட்டிகளைத் தடவுவது போலத் துருத்தினால் அது மெலிவு. உள்ளங்கையின் சதைமேட்டைப் போல எலும்பே தெரியாமல் அமுங்கினால் கொழுப்பு மூடிவிட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும், பக்கவாட்டில் வயிறு மேலேறியிருக்க வேண்டும். ரோமம் அடர்ந்த நாய்களிடம் கண் ஏமாறும். விரல் ஏமாறாது.

“அதுக்கு எப்பப் பார்த்தாலும் பசிதான்” என்று லாப்ரடார் வளர்ப்பவர்கள் சொல்வது பொய்யில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலினர் ராஃபன் தலைமையிலான குழு 2016-ல் ஒரு மரபணுப் பிழையைக் கண்டது. போதும் என்ற செய்தியை மூளைக்குச் சொல்ல வேண்டிய மரபணு அது. லாப்ரடார்களில் சுமார் நாலில் ஒன்றுக்கு அதில் ஒரு துண்டு இல்லை. அந்த நாய்கள் சும்மா படுத்திருக்கும்போது மற்றவற்றைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவாகவே சக்தியைச் செலவழிக்கின்றன என்று அதே குழு 2024-ல் சொன்னது. அதாவது பசி அதிகம், செலவு குறைவு. அதனால் அது கெஞ்சுவது உண்மையான பசிதான், நடிப்பில்லை. ஆனால் அந்தப் பசி உடம்பின் தேவையைச் சொல்லவில்லை. வளர்ப்பவர் மனதைக் கல்லாக்கிக்கொள்ளத் தேவையில்லை; இந்த வித்தியாசம் புரிந்தால் போதும்.

எடையைக் குறைக்கும் வேலை டாக்டரிடம் தொடங்க வேண்டும். தைராய்டு போன்ற கோளாறு இருந்தாலும் எடை கூடும். கருத்தடை ஆபரேஷன் ஆன பிராணிக்கு உணவுத் தேவை குறைந்திருக்கும். தட்டில் விழும் அளவு மட்டும் பழையபடியே இருக்கும். அடுத்தது அளவு. உலர் உணவைக் கப்பில் அளந்து போடுகிறவர்களை லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் சோதித்தார்கள். சிலர் 18 சதவீதம் குறைத்தும், சிலர் 80 சதவீதம் வரை கூட்டியும் போட்டார்கள். கப் ஒன்றுதான், கைதான் வேறு வேறு. சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

வழக்கமான சாப்பாட்டையே பாதியாக்கிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. கலோரியோடு புரதமும் சத்துகளும் பாதியாகிவிடும். கொழுப்பு கரைவதற்குப் பதில் தசை கரையும். எடைக் குறைப்புக்கென்றே உள்ள உணவையோ, வீட்டுச் சாப்பாடு என்றால் டாக்டர் எழுதித் தரும் பட்டியலையோ பின்பற்றுவதே சரி.

பிஸ்கட்டுக்கும் ஒரு வழி உண்டு. ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் கூடாது. காலையிலேயே ஒரு டப்பாவில் வேகவைத்த பீன்ஸ், கேரட், வெள்ளரித் துண்டுகளைப் போட்டு வைத்துவிட்டால் பாட்டியும் பேரனும் அதிலிருந்தே கொடுக்கலாம். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். திராட்சையும் வெங்காயமும் அந்த டப்பாவுக்குள் வரவே கூடாது. நாய்க்கு அவை விஷம்.

பூனை விஷயத்தில் அவசரமே எதிரி. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். புது உணவைத் தொட மறுக்கும் பூனையை, “பசிச்சா தானா தின்னும்” என்று விட்டுவிடக் கூடாது. பூனைக்கு வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்குள் குறைந்தாலே போதும். பொறுமையாகச் செய்தால் பலன் பெரிது: சர்க்கரை நோய் வந்த பூனைகளில் சில, எடை இறங்கி, இன்சுலின் ஊசியே வேண்டாத நிலைக்குத் திரும்பியிருக்கின்றன.

நாய்களிலும் இந்தப் பொறுமைக்கு ஒரு சாட்சி உண்டு. 2012-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஓபி என்ற டாக்ஸுண்ட் நாய் செய்தியானது. குட்டைக் கால், நீள முதுகு கொண்ட இனம். ஓபி 35 கிலோ இருந்தது. வயதான உரிமையாளர்கள் பாசத்தில் ஊட்டி ஊட்டி வந்த எடை. வயிறு தரையில் உரசும். அதை எடுத்து வளர்த்த பெண், கால்நடை மருத்துவமனைப் பணியில் பழகியவர். முதலில் உணவை மட்டும் மாற்றினார், எடை கொஞ்சம் இறங்கிய பிறகே நடை. அத்தனை பாரத்தோடு நடக்கவிட்டால் முதுகெலும்பு தாங்காது. ஓராண்டு சொச்சத்தில் 20 கிலோவுக்கு மேல் குறைந்தது. தொங்கிய தோலை ஆபரேஷன் செய்து நீக்க வேண்டியிருந்தது.

நம் பக் நாய்க்கு இத்தனை பாடு இல்லை. வாரத்துக்கு ஒரு சதவீதம் என்றால் முதல் வாரத்தில் 120 கிராம். 8 கிலோவைத் தொட ஏறத்தாழ ஒன்பது மாதம். வீட்டுத் தராசில் 120 கிராம் சரியாகத் தெரியாது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அப்பா நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறலாம், பிறகு தனியாக. கழித்து வருவதைத் தினசரி காலண்டர் தாளில் பேரன் எழுதி வைக்கட்டும். எட்டைத் தொட்ட பிறகும் அந்தப் பழக்கத்தை விடக் கூடாது. எடை குறைத்த 33 நாய்களை லிவர்பூல் குழு பிறகும் தொடர்ந்து கவனித்தபோது, ஏறத்தாழ பாதி மறுபடி எடை போட்டிருந்தன. குறைக்க உதவிய அதே உணவில் நீடித்தவை அவ்வளவு ஏறவில்லை. காபி நேரத்தில் பக் அப்போதும் சோபாவுக்கு அடியிலிருந்து வரும், முன்காலை மடியில் ஊன்றும். பாட்டி கையில் ஒரு துண்டு வெள்ளரி இருக்கும். இன்னொரு கை அதன் விலாவைத் தடவிப் பார்க்கும்.