இணையவழி ஏலம்: நன்மையும் தீமையும்

பொருளின் விலையை விற்பவர் ஒருவரே வகுத்துவிடாமல், வாங்க விரும்புவோர் பலருடைய போட்டியின் வாயிலாக உறுதி செய்யும் முறையே ஏலம் எனப்படும். ஏலம் என்னும் இச்சொல் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்ததென அகராதிகள் குறிக்கின்றன. மீன் இறங்குதளத்திலும் மஞ்சள் மண்டியிலும் நாம் காணும் ஏலத்தில் பொருள், விற்பவர், உடன் கேட்பவர் ஆகிய மூன்றும் நம் கண்முன் நிற்கின்றன. இணையவழி ஏலத்திலோ இம்மூன்றும் மறைந்துவிடுகின்றன. எஞ்சுவன ஒரு படமும், சில வரி விளக்கமும், ஏறிக்கொண்டே செல்லும் ஓர் எண்ணுமே. இம்முறையின் நன்மையும் தீமையும் இந்த மாற்றத்திலிருந்தே பிறக்கின்றன என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

தோற்றமும் பரவலும்

1995ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சான் ஓசே நகரில், பியர் ஒமிடியார் என்னும் பொறியாளர் ‘ஆக்சன்வெப்’ என்ற இணையத்தளத்தைத் தொடங்கினார். இவர் ஈரானியப் பெற்றோருக்குப் பாரிசு நகரில் பிறந்தவர். 1997இல் அத்தளம் ‘ஈபே’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதில் முதலில் விற்ற பொருள் பழுதுபட்ட லேசர் சுட்டுகருவி, விலை 14.83 டாலர். வாங்கியவர் பழுதினை அறிந்தே வாங்கினார். பழுதுபட்ட சுட்டுகருவிகளைச் சேகரிப்பது அவரது விருப்பம் என்று அந்நிறுவனம் தன் வரலாற்றில் குறிப்பிடுகின்றது.

இந்தியாவில் ‘பாசி’ என்னும் ஏலத்தளத்தை 2004இல் ஈபே விலைக்கு வாங்கியது. எனினும் அதன் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டது.

நன்மைகள்

முதல் நன்மை, அரிய பொருளுக்கு உரிய வாங்குநரைத் தேடித் தருவதாகும். பழைய நாணயம், அஞ்சல்தலை, பதிப்பு நின்றுபோன நூல், உற்பத்தி நின்ற இயந்திரத்தின் உதிரிப்பாகம் ஆகியவற்றை உள்ளூரில் கேட்போர் ஒருவரும் இல்லாதிருக்கலாம். உலகின் ஏதோ ஒரு மூலையில் அதனை நாடுவோர் இருப்பர். அவ்விருவரையும் இணையம் கூட்டி வைக்கின்றது.

இரண்டாவது, விலை அறியாப் பொருளுக்கு விலை காண்பது. பாட்டனார் விட்டுச்சென்ற பழைய கடிகாரத்தின் மதிப்பை விற்பவர் அறியார். அவர் குறைந்த தொகையில் தொடங்கினாலும், அறிந்தோர் இருவர் போட்டியிட்டால் விலை உரிய இடத்தை எட்டிவிடும்.

மூன்றாவது, பதிலி ஏலமுறை. நாம் தரக்கூடிய உச்சத் தொகையை ஒரு முறை பதிவு செய்துவிட்டால், நமக்காகத் தளமே சிறுகச் சிறுக உயர்த்திக் கேட்கும். சான்றாக, நம் உச்சம் 2,000 ரூபாய். அடுத்தவரின் உச்சம் 1,500 ரூபாய். ஏற்றப்படி 50 ரூபாய் எனக் கொள்வோம். பொருள் நமக்கு 1,550 ரூபாய்க்கே கிட்டும். வெல்பவர் இரண்டாவது உயர்தொகையைச் செலுத்தும் இத்தகைய ஏலத்தில், தம் உண்மை மதிப்பையே கூறுவது ஒவ்வொருவருக்கும் நலம் என்பதை 1961இல் வில்லியம் விக்ரி என்னும் பொருளியல் அறிஞர் நிறுவினார். 1996இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

தீமைகள்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மின்னணு முறையிலேயே ஏலம் விடப்படுகின்றது. ஆயினும் வணிகர் தம்முன் வைக்கப்படும் மாதிரிக் காயைக் கையிலெடுத்துப் பருமனும் நிறமும் நோக்கிய பின்னரே விலை கூறுகின்றனர். முகமறியா இணைய ஏலத்தில் இவ்வாய்ப்பு இல்லை. பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இத்தகைய சந்தையில் வாங்குவோர் ஐயத்தால் குறைத்தே கேட்பர், அவ்விலை கட்டுபடியாகாமல் நல்ல பொருளுடையோர் விலகுவர், பழுதுடையனவே மிஞ்சும். ஜார்ஜ் ஏகர்லாஃப் என்பார் பழைய மகிழுந்துச் சந்தையைச் சான்றாக்கி 1970இல் இதனை விளக்கினார். ஆகவே ஒரு விற்பனையாளர் செய்யும் வஞ்சம் நேர்மையான பிற விற்பனையாளருக்கும் இழப்பாகின்றது.

அடுத்தது, போலிக் கேட்பு. விற்பவர் வேற்றுப் பெயரில் தாமே கேட்டு விலையை ஏற்றுவது இது. வாங்கும் எண்ணமின்றி விலையை உயர்த்தும் இச்செயலை ‘நஜ்ஷ்’ எனப் பெயரிட்டு நபிமொழி தடை செய்திருப்பது இவ்வஞ்சகத்தின் பழைமையைக் காட்டும். மண்டியில் போலியாகக் கேட்பவரை நாலுபேர் அடையாளம் காண்பர்; இணையத்தில் முகம் இல்லை. 2000ஆம் ஆண்டு மே திங்களில் ஈபே தளத்தில் 25 சென்ட்டில் தொடங்கிய ஓர் ஓவியம், புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் படைப்பு என்ற எண்ணம் பரவியமையால் 1,35,805 டாலரை எட்டியது. விற்றவரே அதில் கேட்டிருந்தமை வெளிப்பட, விற்பனை செல்லாதாயிற்று, வழக்கும் தொடர்ந்தது.

மூன்றாவது தீமை நம் உள்ளத்திலேயே உள்ளது. ஒரு பொருளை ஐவர் மதிப்பிடுகையில் ஒருவர் குறைத்தும் ஒருவர் கூட்டியும் மதிப்பிடுவர். வெல்பவரோ மிகக் கூட்டி மதிப்பிட்டவர். எண்ணெய்ப் படுகை ஏலங்களை ஆராய்ந்த பொறியாளர் மூவர் 1971இல் இவ்வுண்மையை வெளிப்படுத்தினர். ‘வென்றவரின் சாபம்’ என்பது அதன் பெயர். இறுதி நொடிகளில் விரையும் கடிகாரமும், விட்டுக்கொடுக்க மறுக்கும் மனமும் சேர்ந்தால் சாபம் இரட்டிப்பாகும்.

நம்பிக்கைக்கான ஏற்பாடு

காணாமையால் வரும் கேட்டினைக் குறைக்க, 1996இல் ஈபே மதிப்புரை முறையைக் கொணர்ந்தது. வாங்கியவரும் விற்றவரும் ஒருவரையொருவர் மதிப்பிட, அது அனைவர் பார்வைக்கும் வைக்கப்பட்டது. ஆயினும் குறை கூறினால் பதிலுக்குக் குறை கூறுவரோ என்ற அச்சத்தால் பலர் மெய்யுரைக்கத் தயங்கினர். எனவே 2008இல், வாங்குபவர் மீது விற்பவர் எதிர்மறை மதிப்புரை எழுதுவது நிறுத்தப்பட்டது. நற்பெயரும் விலை கொடுத்து வாங்கப்படும் காலமாதலின், மதிப்பெண்ணை மட்டும் நோக்காது, குறை கூறியோர் எழுதியவற்றையும் படித்தல் வேண்டும்.

வீட்டையே ஏலத்தில் எடுக்குங்கால்

நம் நாட்டில் எளிய குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பு பணயமாகும் இடம் வங்கிகளின் சொத்து ஏலம். கடன் நிலுவையால் கைப்பற்றிய வீடுகளை வங்கிகள் இணையவழி ஏலத்தில் விடுகின்றன. விலை மலிவாக இருக்கலாம். ஆனால் ‘எங்குள்ளதோ அங்கே, எப்படியுள்ளதோ அப்படியே’ என்பது நிபந்தனை. குடியிருப்போரை வெளியேற்றும் சிக்கலும், வரி நிலுவையும், வில்லங்கமும் வாங்கியவர் தலையில் விழலாம். முன்வைப்புத் தொகை உட்பட 25 விழுக்காட்டை அன்றோ அடுத்த வேலைநாளிலோ கட்டுதல் வேண்டும். எஞ்சியதை, விற்பனை உறுதியான 15ஆம் நாளுக்குள்ளோ எழுத்து மூலம் இசைந்து நீட்டித்த காலத்திற்குள்ளோ கட்டுதல் வேண்டும். தவறினால் கட்டிய 25 விழுக்காட்டையும் வங்கி பறிமுதல் செய்வது செல்லும் என 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிக் கடன் கிடைக்குமென நம்பி ஏலத்தில் இறங்குவோர் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

கடைப்பிடிக்கத்தக்கன

வாங்குவோர் ஏலம் தொடங்குமுன்பே உச்சத் தொகையை முடிவு செய்து எழுதி வைத்தல் நன்று. அஞ்சல் செலவையும் வரியையும் அதனுள் அடக்குதல் வேண்டும். அதே போன்ற பொருள் முன்பு என்ன விலைக்குப் போயிற்று என்பதையும், கடையில் புதியதன் விலையையும் அறிதல் வேண்டும். தளத்திற்கு வெளியே தனியாகப் பணம் அனுப்பச் சொல்வோரை விலக்குதல் வேண்டும். சொத்தாயின் நேரில் சென்று பார்த்து, வில்லங்கச் சான்றினை வழக்கறிஞரிடம் காட்டிய பின்னரே முன்வைப்புத் தொகை கட்டுதல் வேண்டும்.

விற்போர் கீறலையும் பழுதையும் மறையாது படத்தில் காட்டுவதும் எழுத்தில் கூறுவதும் அறம் மட்டுமன்று, ஆதாயமும் ஆகும். முதற் சுட்டுகருவி பழுது எனத் தெரிந்தே விலைபோயிற்று என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். குறைந்தபட்ச விலையை முன்னரே குறித்துவிட்டால், கேட்போர் குறைந்த நாளில் அடிமாட்டு விலைக்குப் போகும் இழப்பும் நேராது.

இன்று ஈபேயிலும் பெரும்பாலான பொருள்கள் நிலைத்த விலைக்கே விற்கப்படுகின்றன. எங்கும் கிடைக்கும் பொருளுக்கு ஏலம் வேண்டுவதில்லை என்பதை வணிக உலகமே உணர்ந்துவிட்டது. அரியதும் விலை அறியாததுமான பொருளுக்கே ஏலம் ஏற்றது. அதிலும், நாம் முன்னரே எழுதிய தொகையைத் தாண்டும்போது எழுந்து செல்லத் தெரிந்தவருக்கே அது பயன்தரும்.