உங்கள் எம்.பி. எப்படி வாக்களித்தார்?

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. காட்டுக்குப்பத்து மீனவர்கள் மக்கிலும் பக்கெட்டிலும் அதை அள்ளினார்கள். படகு, வலை, கூழைக்கடாவின் இறகு எல்லாம் கறுத்துப்போயின.

அதே நாள்களில் டெல்லியில் குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 13 அன்று அவைக்குள் புகைக் குப்பி வீசப்பட்டது. உள்துறை அமைச்சர் அதுபற்றி விளக்கம் தர வேண்டுமென்று எதிர்க்கட்சிகள் அமளி செய்தன. 18ஆம் தேதி மக்களவையில் ஒரே நாளில் 33 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தப் பட்டியலில் வடசென்னையின் கலாநிதி வீராசாமியும் (தி.மு.க.) திருவள்ளூரின் கே. ஜெயக்குமாரும் (காங்கிரஸ்) இருந்தார்கள்.

எண்ணூர்க்காரருக்கு இந்த இரண்டு பெயர்களும் ஏன் முக்கியம்? முகத்துவாரத்தின் தென்கரை திருவொற்றியூர் சட்டமன்றத் தொகுதி வழியாக வடசென்னையில் சேர்கிறது. அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி இருக்கும் வடகரை பொன்னேரி வழியாகத் திருவள்ளூரில் சேர்கிறது. எண்ணெய் இரு கரையிலும் ஒட்டியது. இரு கரைக்கும் அன்று முதல் மக்களவையில் ஆள் இல்லை. இடைநீக்கமானவர் அவைக்குள் நுழைய முடியாது, வாக்களிக்க முடியாது, அவர் பெயரில் இருக்கும் கேள்வியும் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் 20ஆம் தேதியும், தேர்தல் ஆணையர் நியமன மசோதா 21ஆம் தேதியும் மக்களவையில் நிறைவேறின. அதோடு கூட்டத்தொடர் முடிந்தது. எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத்தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் இரவோடிரவாகத் தெருவுக்கு ஓடியது 26ஆம் தேதி. அப்போது அவையே இல்லை.

தேர்தல் நெருங்கினால் வாட்ஸ்அப்பில் எம்.பி.க்களின் மதிப்பெண் அட்டை சுற்றத் தொடங்கும். வருகை இத்தனை சதவீதம், கேள்வி இத்தனை, விவாதம் இத்தனை. அந்த டிசம்பர் வாரம் அதில் வெறும் வெற்றிடமாகத்தான் தெரியும். ஏன் வெற்றிடம் என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

அட்டையில் இல்லாத பத்தி ஒன்று உண்டு: எதற்கு ஆதரவாக வாக்களித்தார், எதற்கு எதிராக என்பது. அமெரிக்காவில் ஒரு உறுப்பினரின் முக்கியமான வாக்குகளை ஒன்றுவிடாமல் இணையத்தில் பார்த்துவிடலாம். நம்மிடம் அப்படியொரு முழுப் பட்டியலே உருவாவதில்லை. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடுவதே காரணம். ஆதரிப்போர் ‘ஆம்’ என்கிறார்கள், எதிர்ப்போர் ‘இல்லை’ என்கிறார்கள். ‘ஆம்’ என்றவர்களே அதிகம் என்று சபாநாயகர் அறிவித்துவிடுவார். யார் எந்தக் குரல் கொடுத்தார் என்று எங்கும் எழுதப்படுவதில்லை. யாராவது எழுந்து ‘டிவிஷன்’ கேட்டு, அது ஏற்கப்பட்டால்தான் மணி அடித்து, கதவடைத்து, ஒவ்வொருவர் வாக்கும் பெயரோடு பதிவாகும். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் மட்டும் டிவிஷன் கட்டாயம்.

துறைமுகத்தையொட்டிய ராயபுரத்தில் நின்று ஒரு சட்டத்தைப் பார்ப்போம். சென்னைத் துறைமுகம் உள்ளிட்ட பெருந்துறைமுகங்களின் நிர்வாகத்தை மாற்றியது 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கிய ‘போர்ட் டிரஸ்ட்’ அதன்பின் ஆணையமாயிற்று. 17 முதல் 19 பேர் இருந்த நிர்வாகக் குழு 11 முதல் 13 பேராகச் சுருங்கியது. மக்களவை 2020 செப்டம்பர் 23 அன்று இதைக் குரல் வாக்கில் நிறைவேற்றியது. மாநிலங்களவையில் டிவிஷன் நடந்ததால் 2021 பிப்ரவரி 10 அன்று 84க்கு 44 என்ற கணக்கு கிடைத்தது. ஆக, துறைமுகத் தொழிலாளி தான் ஓட்டுப் போட்டு அனுப்பாத அவையின் கணக்கைத் தெரிந்துகொள்ளலாம். ஓட்டுப் போட்டு அனுப்பிய அவையில் பதிவு இல்லை.

தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் கதை இன்னும் மோசம். ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி வேண்டும் என்ற வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்தியது தொழில் உறவுத் தொகுப்பு. திருவொற்றியூர், எண்ணூரின் பெரிய ஆலைகளை நம்பிப் பிழைக்கும் நடுத்தரப் பட்டறைகளில் வேலை செய்பவரின் வயிற்றோடு சம்பந்தப்பட்ட விஷயம் இது. அது உட்பட மூன்று தொகுப்புகள் 2020 செப்டம்பர் 22, 23 தேதிகளில் இரு அவைகளிலும் நிறைவேறியபோது எதிர்க்கட்சிகள் புறக்கணித்து வெளியே இருந்தன. அவர்கள் எதிர்த்தார்கள் என்பது ஊரறிந்தது. எதிர்த்து விழுந்த வாக்குதான் ஏட்டில் இல்லை. புறக்கணிப்பு அரசியலாக நியாயப்படலாம். அவைக் குறிப்பில் அது வெற்றுத் தாள்.

டிவிஷன் நடந்தால் மட்டும் உறுப்பினரின் மனம் தெரிந்துவிடுமா? 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் பதவி போகலாம். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தப்பலாம். 1957இல் வடசென்னை அனுப்பிய துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளைக்கோ, 1967இல் வந்த நாஞ்சில் மனோகரனுக்கோ, தி.மு.க. பெருந்தோல்வி கண்ட 1977லும் ஜெயித்த ஏ.வி.பி. ஆசைத்தம்பிக்கோ இந்தக் கத்தி தலைமேல் தொங்கவில்லை. 1989இல் வந்த தா. பாண்டியன் உட்பட, அந்தச் சட்டத்துக்குப் பிறகு இன்று வரை எல்லோருக்கும் தொங்குகிறது. 2025 ஏப்ரலில் வக்பு திருத்த மசோதா மக்களவையில் 288க்கு 232 என்று நள்ளிரவு தாண்டி நிறைவேறியபோது தி.மு.க. எதிர்த்தது. அந்தப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடிப் பிடித்தால் தெரிவது கட்சியின் முடிவு.

வாக்கைப் பதிவு செய்யும் எந்திரத்தையும் முழுக்க நம்பிவிட முடியாது. ‘ஒரே நாடு ஒரே தேர்தல்’ மசோதாவை 2024 டிசம்பர் 17 அன்று அறிமுகம் செய்தபோது திரையில் முதலில் வந்தது 220க்கு 149. சீட்டு கொடுத்துத் திருத்திய பிறகு 269க்கு 198. இன்னொரு வேடிக்கை: வடசென்னையிலிருந்து போன ஜி. லட்சுமணன் 1980 முதல் 1984 வரை துணை சபாநாயகர். அவையை நடத்துகிறவர் வாக்களிப்பதில்லை. இரு பக்கமும் சமமானால் மட்டுமே அவர் வாக்கு விழும். பதவி உயர உயர ஏட்டில் வாக்கு குறையும்.

சரி, எதைத்தான் பார்ப்பது? கேள்விகளை. ஆனால் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒரே பொருளில் பலர் கேட்டால் ஒரே கேள்வியாகச் சேர்த்து எல்லாப் பெயரையும் போடுவார்கள். ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். அவற்றிலும் ஒரு மணி நேரத்தில் வாய்மொழிப் பதில் கிடைப்பது சிலவற்றுக்குத்தான். எழுத்தில் பதில் வரும் நட்சத்திரமற்ற கேள்விகள் 230. எண்ணூர் விஷயத்தில் தேட வேண்டியது இந்த 230இல்தான். அமைச்சர் ‘தகவல் சேகரிக்கப்படுகிறது’, ‘பரிசீலிக்கப்படும்’ என்று சொன்ன இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அது வெறும் மழுப்பல் இல்லை. அவையின் கணக்கில் அது உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், நிறைவேறாவிட்டால் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. கேட்டவர் அதைத் துரத்தினாரா, அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கேட்டாரா என்பதில் உழைப்பு தெரியும்.

தனிநபர் மசோதாவைப் பெரிதாக எண்ண வேண்டாம். 1970க்குப் பிறகு ஒன்றுகூட சட்டமானதில்லை. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியில் வந்த பேருந்து நிழற்குடையும் உயர்கோபுர விளக்கும் நாடாளுமன்றப் பணியே அல்ல, சுவரொட்டியில் அப்படிப் போட்டாலும்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் இங்கே பலரும் தடுமாறுகிறார்கள். வடசென்னை அனல்மின் நிலையச் சாம்பல் மாநில மின்துறையின் பொறுப்பு. அதற்கு முதலில் சட்டமன்றத்தில் பார்க்க வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகம் அதானி குழுமத்தின் கையில் இருக்கிறது. சி.பி.சி.எல். இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம், காமராஜர் துறைமுகம் சென்னைத் துறைமுக ஆணையத்துக்குச் சொந்தம். இவ்விரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் மத்திய பெட்ரோலிய அமைச்சரும் துறைமுக அமைச்சரும். மக்களவை இணையதளத்தில் இந்த இரு அமைச்சகங்களின் பெயரைப் போட்டு, உறுப்பினர் இடத்தில் வடசென்னை, திருவள்ளூர் இரண்டு எம்.பி.க்களின் பெயரையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தேடுங்கள்.