முதல் பக்கச் சொல், உள்பக்கச் சொல்

அந்நியர் வாயில் ஆங்கிலம் – 14

சென்ற வாரம் ஆஸ்பத்திரியும் மருந்துக்கடையும் பார்த்தோம். இந்த வாரம் போலீஸும் பத்திரிகையும். ரஷ்ய மொழிக்காரர் ஒருவர் நம் ஊர் ஆங்கிலப் பேப்பரைப் பிரித்துக் குற்றச் செய்திகளைப் படித்தால் எங்கே தடுமாறுவார், எங்கே நம்மைவிடத் தெளிவாக இருப்பார்?

இதைப் பேசத் தோதான இடம் திருவனந்தபுரம் பழவங்காடி. ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் பராமரிக்கும் கணபதி கோயில். எந்நேரமும் சிதறுகாய் உடையும் சத்தம். கூப்பிடு தூரத்தில் கிழக்கேகோட்டை பஸ் நிலையம், சாலைக் கடைத்தெரு, கொஞ்சம் நடந்தால் தம்பானூர் ரயில் நிலையம். மலையாளத்தோடு நாகர்கோவில் தமிழும் தாராளமாகக் காதில் விழும். சீசனில் கோவளத்துக்கு வரும் ரஷ்யர்கள் டவுன் பஸ் ஏறுவதும் கிழக்கேகோட்டையில்தான். வான்ராஸ் சந்திப்பில் ரஷ்ய மாளிகை இருக்கிறது. நம்மவர்கள் அங்கே ரஷ்ய மொழி படிக்கப் போகிறார்கள். நாம் எதிர்த்திசையில் போவோம்.

முதலில் திருட்டு. பைக்கில் வந்த இருவர், நடந்து போகும் பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு பறக்கிறார்கள். ஆங்கிலப் பேப்பருக்கு அது 'செயின் ஸ்நாட்சிங்'. ரஷ்யரிடம் இதற்குத் தயாராக ஒரு சொல் உண்டு: 'கிரபியோஷ்'. அவர்கள் சட்டம் திருட்டை மூன்றாகப் பிரிக்கிறது. யாருக்கும் தெரியாமல் எடுத்தால் 'கிராஷா'. ஊர் பார்க்கப் பிடுங்கினால் 'கிரபியோஷ்'. உயிருக்கு ஆபத்தான வன்முறையோடு பாய்ந்தால் 'ரஸ்போய்'. களவு ரகசியமாக நடந்ததா, பகிரங்கமாக நடந்ததா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

நம் சட்டத்தின் கணக்கு வேறு. பலத்தைப் பிரயோகித்தானா, எத்தனை பேர் வந்தார்கள் என்று அது பார்க்கும். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் அது 'டெகாய்ட்டி'. நாலு பேர் என்றால் வெறும் 'ராபரி'. பிடுங்கிக்கொண்டு ஓடுவதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் நாடு முழுமைக்குமான தனிப் பிரிவு இருந்ததில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில்தான் 'ஸ்நாட்சிங்' 304ஆம் பிரிவாக இடம்பிடித்தது. ஆக, பஸ் நெரிசலில் பர்ஸ் அடிப்பது ஒன்று, பைக்கில் வந்து சங்கிலி பறிப்பது இன்னொன்று என்று ரஷ்யருக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐந்தாவது ஆள் வந்ததும் குற்றத்தின் பெயர் ஏன் மாறுகிறது என்பதைத்தான் விளக்க வேண்டும்.

அடுத்தது கொலை. 'கில்லர்' என்ற சொல்லை ரஷ்யர்கள் ஆங்கிலத்திலிருந்தே கடன் வாங்கினார்கள். ஆனால் அவர்கள் ஊரில் அது கூலிக்குக் கொல்பவனை மட்டுமே குறிக்கும். மனைவியைக் கொன்றவனைப் பேப்பர் 'கில்லர் ஹஸ்பெண்ட்' என்று எழுதினால், அந்தக் கணவனுக்குக் கொலைதான் தொழில் போலிருக்கிறது என்று ரஷ்யர் நினைத்துக்கொள்வார். நிஜமான கூலிப்படையைக் கேரளத்து ஆங்கிலப் பேப்பர் எப்படி எழுதுகிறது தெரியுமா? 'கொட்டேஷன் கேங்'. காண்டிராக்டர் டெண்டருக்கு விலை சொல்வதுபோல் ஒரு தலைக்கு விலை சொல்லும் கும்பல். மாஸ்கோவில் அச்சான எந்த ஆங்கிலப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டும் இதை ஊகிக்க முடியாது. 'ஹிஸ்டரி ஷீட்டர்', 'கூண்டா', 'அப்ஸ்காண்டிங்' எல்லாம் இதே ரகம். நம் தமிழ்ப் பேப்பர்களுக்கும் 'மர்ம நபர்கள் கைவரிசை', 'போலீஸ் வலைவீச்சு', 'பரபரப்பு வாக்குமூலம்' என்று தனி அகராதி உண்டல்லவா?

வேறு சில சொற்கள் ரஷ்யருக்குக் கைகொடுக்கும். வக்கீலுக்கு அவர்கள் சொல் 'அத்வகாத்'. இந்தியாவில் வீட்டு வாசல் பலகைதோறும் 'அட்வகேட்'. சில சொற்கள் காலை வாரிவிடும். 'ஷுர்னால்' என்றால் அவர்களுக்கு வாரப் பத்திரிகையும் அடக்கம். ஆங்கில 'ஜர்னல்' பெரும்பாலும் ஆய்வு இதழ். 'அஃபேரா' என்றால் அவர்களுக்கு மோசடி. ஆங்கில 'அஃபேர்' வேறு சமாச்சாரம். பத்திரிகைப் புளுகுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஊத்கா', அதாவது வாத்து. நம் அரசியல்வாதிகள் அறிக்கை விடும்போது ஆசையாகப் பயன்படுத்தும் 'கனார்டு' என்ற ஆங்கிலச் சொல்லும் பிரெஞ்சு வாத்துதான். அந்த ஒரு சொல்லை ரஷ்யர் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்.

இதுவரை சில்லறை விஷயங்கள். இனிமேல்தான் பாடம்.

ரஷ்ய சட்டத்தில், போலீஸ் கையில் சிக்கியவரின் பெயர் கட்டத்துக்குக் கட்டம் மாறும். சந்தேகத்தில் பிடிபட்டால் 'பதஸ்ரிவாயெமி'. முறைப்படி குற்றம் சுமத்தினால் 'அப்வினியாயெமி'. வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டால் 'பத்சுதீமி'. கோர்ட் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன பிறகே 'அசுஷ்தியோன்னி'. நாலு படி, நாலு பெயர். இந்திய ஆங்கிலத்தில் முதல் மூன்று படியும் பெரும்பாலும் 'அக்யூஸ்டு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். மலையாளத்தில் 'பிரதி'. தமிழ்நாட்டுப் போலீஸ் காகிதங்களில் 'எதிரி'. தெருவில் பேசும்போது அந்தச் சொல்லும் போய்விடும். கைதான அன்றே ஆள் 'குற்றவாளி' ஆகிவிடுவான்.

இந்தக் குழப்பத்தின் விலையை இந்த ஊர் நேரில் பார்த்திருக்கிறது. வழக்கில் ரஷ்யாவும் சம்பந்தப்பட்டிருந்ததால் நம் மாணவருக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது.

1994 அக்டோபர் 20. விசா காலம் முடிந்தும் தங்கியிருந்ததாக மரியம் ரஷீதா என்ற மாலத்தீவுப் பெண் திருவனந்தபுரத்தில் கைதானார். வஞ்சியூர் காவல் நிலையத்தில் வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் வழக்கு. முதல் கட்டத்துக்கு உரிய ஆங்கிலச் சொல் 'ஓவர்ஸ்டே', அவ்வளவுதான். நவம்பர் 13ஆம் தேதி, இஸ்ரோவின் ராக்கெட் ரகசியங்கள் விற்கப்பட்டதாக அரசு ரகசியச் சட்டத்தின்கீழ் இன்னொரு வழக்கு பதிவாயிற்று. பத்திரிகைகளில் சொல் மாறியது: 'ஸ்பை'. அவர் தோழி ஃபௌசியா ஹசன், இஸ்ரோ விஞ்ஞானி சசிகுமாரன், ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தின் இந்தியப் பிரதிநிதி சந்திரசேகர், பெங்களூர் ஒப்பந்தக்காரர் சர்மா என்று கைதுகள் தொடர்ந்தன. நவம்பர் 30ஆம் தேதி நம்பி நாராயணன் கைதானார். நாகர்கோவிலில் பிறந்து, மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் படித்து, இஸ்ரோவின் கிரையோஜெனிக் திட்டத்துக்குத் தலைமை வகித்தவர்.

அந்தத் தொழில்நுட்பத்தை ரஷ்யாவிடமிருந்து வாங்க 1991இல் ஒப்பந்தம் போட்டிருந்தோம். அமெரிக்க நெருக்கடியால் 1993இல் ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சின் தருகிறோம், அதைச் செய்யும் வித்தையைத் தரமாட்டோம் என்றது. சொந்தமாகச் செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு நம் ஜிஎஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5ஆம் தேதிதான். கைவசம் வராத வித்தையை 1994இல் எப்படி விற்றிருக்க முடியும் என்று கேட்ட நிருபர்கள் வெகு சிலர். மற்றவர்கள் மாலத்தீவுப் பெண்களை வர்ணிப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

பிறகு வந்த சொற்களைக் கவனியுங்கள். டிசம்பரில் வழக்கு சிபிஐக்குப் போனது. 1996இல் சிபிஐ, குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று எழுதிக் கொடுத்தது 'குளோஷர் ரிப்போர்ட்'. அந்த ஆண்டு மே 2ஆம் தேதி எர்ணாகுளம் நீதிமன்றம் அதை ஏற்று ஆறு பேரையும் விடுவித்தது: 'டிஸ்சார்ஜ்'. சென்ற வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்த அதே சொல். கோர்ட்டில் அதற்கு எடை அதிகம். விசாரணை நடத்தி விடுதலை செய்தால் 'அக்விட்டல்'. விசாரிக்கவே முகாந்திரம் இல்லை என்றால் 'டிஸ்சார்ஜ்'. கேரள அரசு மறுபடி விசாரிக்கப் புறப்பட்டபோது 1998இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. மாலத்தீவுப் பெண்கள் மூன்றாண்டுகளுக்கும் மேல் சிறையில் கிடந்தார்கள். 2018 செப்டம்பர் 14ஆம் தேதி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். அந்த வாரத்திலேயே சந்திரசேகர் காலமானார். 2019இல் நம்பிக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

'அரெஸ்ட்', 'ஸ்பை' என்ற சொற்கள் வாரக்கணக்கில் முதல் பக்கத்தில் நின்றன. 'டிஸ்சார்ஜ்' என்ற சொல்லுக்கு அந்த இடமும் அந்த எழுத்தளவும் கிடைக்கவில்லை. குற்றச் செய்தியின் மொழியில் பாதிதான் நாம் தினமும் படிக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ரஷ்ய மாணவருக்கு என் யோசனை இதுதான். நூறு சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு எஃப்ஐஆரிலிருந்து தீர்ப்பு வரை பின்தொடருங்கள். எஃப்ஐஆர், ரிமாண்ட், பெயில், சார்ஜ் ஷீட், டிரயல் என்று ஒவ்வொரு சொல்லும் தனக்குரிய நாளில் வரும். வரும்போது நினைவில் ஒட்டிக்கொள்ளும். 'அலெஜ்டு' என்ற சொல் வாக்கியத்தில் இருக்கிறதா, விட்டுப்போயிற்றா என்று பாருங்கள். போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் முதல் இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியம் வரை மாறாத விதி. 'கன்ஃபெஸ்டு' என்று படித்தால் யாரிடம் என்று கேளுங்கள்.

தாய்மொழியிலேயே நாலு படிக்கு நாலு பெயர் கற்று வந்தவருக்கு இதெல்லாம் சுலபம். கஷ்டம் நமக்குத்தான். நாளைக் காலை பேப்பரில் 'குற்றவாளி கைது' என்ற தலைப்பைப் பார்த்தால், தீர்ப்பு வந்துவிட்டதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டால் அவர் குற்றவாளி அல்ல. குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே.

(தொடரும்)