வீசைக் கணக்கும் வீட்டுப்பாடமும்

1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை, மளிகைக் கடைக்குப் போகும் பத்து வயதுப் பையனுக்குப் பதினாறாலும் பன்னிரண்டாலும் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. புளி வீசை பத்தணா என்றால் முக்கால் வீசைக்கு ஏழணா ஆறு தம்பிடி. ஒரு ரூபாய் கொடுத்தால் மீதி எட்டணா ஆறு தம்பிடி. குறைந்தால் வீட்டில் கேள்வி வரும். கேட்கிற அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, கணக்குத் தெரியும்.

அந்தத் தலைமுறைப் பெற்றோர் பிள்ளையின் நோட்டைப் பிரித்துப் பார்த்ததில்லை. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் ஒப்படைத்ததோடு சரி. ஆனால் பள்ளியில் ஒப்பித்த மாகாணி வாய்ப்பாட்டுக்கு வீட்டில் வேலை இருந்தது. ரூபாயில் மாகாணிதானே ஓரணா. நெல் அளக்கும்போதும் கூலி பிரிக்கும்போதும் வட்டி கூட்டும்போதும் பிள்ளை பக்கத்தில் நின்றது.

ரொம்பவும் சிலாகிக்க முடியாது. அளக்க நெல்லும் கூட்ட வட்டியும் எல்லா வீட்டிலும் இல்லை. 1961 கணக்கெடுப்பின்போது அன்றைய சென்னை மாநிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்குத்தான் எழுத்தறிவு. தம்பியைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்திய அக்காக்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். 2011இல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 73 பேர் எழுத்தறிந்தவர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரம்பைத் தடை செய்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் என்றும் சொன்னது. தோலை உரிக்கச் சொன்னவரின் பேத்தி இன்று அந்தக் குழுவில் உட்கார்ந்து, பிள்ளைக்குப் பின்னக் கணக்கு ஏன் வரவில்லை என்று கேட்க முடிகிறது. சின்ன விஷயமில்லை.

மாலையில் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். "பக்கத்துல கடன் வாங்கு" என்கிறார் அம்மா. பாடநூலோ ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கச் சொல்கிறது. "எங்க மிஸ் இப்படிச் சொல்லித் தரல" என்று பென்சிலைக் கீழே வைக்கிறது பிள்ளை. இரண்டும் ஒரே வேலைதான்; ஆனால் அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில் அதை யார் விளக்குவது? அழித்து அழித்துத் தாள் கிழிகிறது. "எனக்கும் கணக்குன்னா பயம்தான்" என்று அம்மா சொல்லிவிடுகிறார். அடுத்த மாதம் ட்யூஷன்.

அந்தப் பயம் தொற்றக்கூடியது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 438 பேரைக் கவனித்தார்கள். கணக்குக்கு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகக் கற்றிருந்தார்கள். அதே பயமுள்ள பெற்றோர் அவ்வளவாகத் தலையிடாத வீடுகளில் அந்தக் குறை தெரியவில்லை. உதவி என்று உட்காருவதே சில வீடுகளில் உபத்திரவமாகியிருக்கிறது.

அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் 587 பேர். இரவில் படுக்கும் முன் டேப்லெட்டில் ஒரு குட்டிக் கதை, அதையொட்டி ஓர் எண் கேள்வி. பெற்றோரும் பிள்ளையும் பேசி விடை காண வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை செய்தவர்களிடமே முன்னேற்றம் தெரிந்தது. கணக்கென்றால் ஒதுங்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன். கணக்கு நோட்டை விட்டுப் பேச்சுக்குள் வந்ததுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. நம் வீடுகளில் பேசுவதற்குப் பால் கணக்கு இருக்கிறது, சிலிண்டர் கணக்கு இருக்கிறது, சீட்டுத் தவணை இருக்கிறது. அவற்றையெல்லாம் இப்போது அப்பாவின் போன் பார்த்துக்கொள்கிறது.