பல்வட்டார டிவிடி இயக்கி

பல்வட்டார டிவிடி இயக்கி என்பது உலகின் எந்த வட்டாரத்தில் வெளியிடப்பட்ட திரைப்பட வட்டையும் இயக்கவல்ல டிவிடி பிளேயர் ஆகும். சாதாரண டிவிடி இயக்கி, தான் விற்கப்பட்ட வட்டாரத்துக்கு உரிய வட்டுகளை மட்டுமே ஏற்கும். வேறு வட்டாரத்தில் முறையாக விலை கொடுத்து வாங்கிய வட்டை அதில் இட்டால், வட்டும் இயக்கியும் பழுதின்றி இருந்தாலும், படத்துக்குப் பதிலாகப் பிழைச் செய்தியே திரையில் தோன்றும். வட்டில் பதியப்பட்டுள்ள வட்டாரக் குறியீடே இதற்குக் காரணம். இத்தடை தொழினுட்பத் தேவையால் எழுந்ததன்று. திரைப்பட நிறுவனங்களின் வணிக ஏற்பாட்டால் எழுந்தது. எனினும் வட்டாரத் தடை இல்லாத இயக்கி எல்லா நாட்டு வட்டுகளையும் காட்டிவிடும் என்று கொள்ள இயலாது. ஒளிக்காட்சி முறை வேறுபாடு என்பது இதனோடு தொடர்பில்லாத இரண்டாவது தடையாகும்.

தோற்றம்

டிவிடி இயக்கிகள் 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தன. அக்காலத்தில் ஹாலிவுட் படங்கள் பெரும்பாலும் முதலில் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியாகி, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்தே பிற நாடுகளை அடைந்தன. ஆகவே அமெரிக்காவில் ஒரு படத்தின் டிவிடி விற்பனைக்கு வரும்போது, ஐரோப்பாவிலோ ஆசியாவிலோ அப்படம் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அமெரிக்க வட்டு அங்கு இறக்குமதியானால் திரையரங்க வருவாய் குறையும் என்று நிறுவனங்கள் அஞ்சின. நாட்டுக்கு நாடு வேறுபட்ட விலை வைப்பதற்கும் விநியோக உரிமைகளைத் தனித்தனியே விற்பதற்கும் வட்டாரப் பிரிவு உதவியது.

வட்டாரங்கள்

டிவிடி வட்டாரங்கள் எட்டு எண்களால் குறிக்கப்படுகின்றன. அவற்றுள் அடங்கும் முக்கிய நாடுகளும் பகுதிகளும் வருமாறு:

* 1 - ஐக்கிய அமெரிக்கா, கனடா
* 2 - மேற்கு ஐரோப்பா, ஜப்பான், மத்திய கிழக்கு, எகிப்து, தென்னாப்பிரிக்கா
* 3 - தென்கிழக்கு ஆசியா, தென் கொரியா, தாய்வான், ஹாங்காங்
* 4 - ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலத்தீன் அமெரிக்கா
* 5 - இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசியா, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி
* 6 - சீனா
* 7 - எதிர்காலப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டது
* 8 - வானூர்திகள், பயணக் கப்பல்கள்

தமிழர் வாழும் இடங்களை நோக்கினால் இப்பிரிவின் விளைவு தெளிவாகும். டொராண்டோ, லண்டன், சிங்கப்பூர், சிட்னி, சென்னை ஆகிய ஐந்து நகரங்களும் முறையே 1 முதல் 5 வரையிலான வட்டாரங்களில் அமைந்துள்ளன. உறவினர் ஒருவர் ஊருக்குக் கொண்டுவரும் ஆங்கிலப் பட வட்டு அங்குள்ள இயக்கியில் இயங்காமற் போவதற்கு இதுவே காரணம். மாறாக, தமிழ்த் திரைப்பட வட்டுகள் பல எல்லா வட்டாரங்களுக்கும் பொதுவாக வெளியிடப்பட்டமையால் அவற்றுக்கு இச்சிக்கல் எழவில்லை.

2009 மார்ச்சில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா, பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிரவுனுக்கு 25 அமெரிக்கத் திரைப்படங்களின் டிவிடி வட்டுகளைப் பரிசாக அளித்தார். அவை வட்டாரம் 1-க்கு உரியவை என்பதால் பிரித்தானிய இயக்கியில் இயங்கவில்லை என்று பிரித்தானிய ஊடகங்கள் செய்தி வெளியிட்டன.

செயற்படும் முறை

வட்டின் தகவற் கோப்பில் ஒரு பைட்டு வட்டாரக் குறியீட்டுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள எட்டுப் பிட்டுகள் எட்டு வட்டாரங்களைக் குறிக்கின்றன. ஒரு பிட்டின் மதிப்பு 1 எனில் அவ்வட்டாரத்தில் வட்டுக்குத் தடை. 0 எனில் அனுமதி. எட்டுப் பிட்டுகளும் 0 ஆக இருந்தால் வட்டு எங்கும் இயங்கும். இத்தகைய வட்டுகளை வழக்கில் வட்டாரம் 0 என்பர்; ஆனால் அப்படி ஒரு வட்டாரம் வரையறையில் இல்லை.

இயக்கி தன் நினைவகத்தில் உள்ள வட்டார எண்ணை இப்பைட்டோடு ஒப்பிட்டு, படத்தை இயக்குவதா மறுப்பதா என்று முடிவு செய்கிறது. வணிகத் திரைப்பட வட்டுகள் பெரும்பாலும் சிஎஸ்எஸ் என்னும் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டவை. அதை விடுவிக்கும் திறவுகோலைப் பெற உற்பத்தியாளர் உரிம ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். வட்டாரக் குறியீட்டை மதித்து நடத்தல் அவ்வொப்பந்தத்தின் நிபந்தனைகளுள் ஒன்று.

கணினிகளில் பொருத்தப்படும் டிவிடி டிரைவ்களில், 2000 முதல் ஆர்பிசி-2 எனும் முறை கட்டாயமாக்கப்பட்டது. இதில் வட்டார எண் டிரைவிலேயே சேமிக்கப்படும். பயனர் அதனை ஐந்து முறை மட்டுமே அமைக்க இயலும். அதன்பின் கடைசியாக அமைத்த வட்டாரமே நிலைத்துவிடும். இயங்குதளத்தை மீண்டும் நிறுவினாலும் இந்த எண்ணிக்கை மீளாது.

ஒளிக்காட்சி முறை

வட்டாரக் குறியீடும் ஒளிக்காட்சி முறையும் ஒன்றல்ல. டிவிடி வட்டுகள் இரு முறைகளில் தயாரிக்கப்படுகின்றன. என்டிஎஸ்சி முறையில் 480 கிடைக்கோடுகளும் நொடிக்கு ஏறத்தாழ 30 படச்சட்டங்களும், பிஏஎல் முறையில் 576 கிடைக்கோடுகளும் நொடிக்கு 25 படச்சட்டங்களும் உள்ளன. வட அமெரிக்காவும் ஜப்பானும் முதல் முறையையும், இந்தியா, இலங்கை, பிரித்தானியா, ஆஸ்திரேலியா ஆகியவை இரண்டாம் முறையையும் பின்பற்றின.

ஜப்பானும் பிரித்தானியாவும் ஒரே வட்டாரத்தில் இருந்தும் வேறுபட்ட முறைகளைப் பின்பற்றியமை இவ்விரண்டும் தனித்தனியானவை என்பதற்குச் சான்றாகும். பிஏஎல் நாடுகளில் விற்கப்பட்ட இயக்கிகள் பெரும்பாலும் என்டிஎஸ்சி வட்டுகளையும் ஏற்றன. வட அமெரிக்காவில் விற்கப்பட்டவை பெரும்பாலும் பிஏஎல் வட்டுகளை ஏற்கவில்லை. ஆகவே இலங்கையிலிருந்து கனடாவுக்கு எடுத்துச் செல்லப்படும் வட்டு, வட்டாரத் தடை இல்லாததாயினும், பிஏஎல் காரணமாக அங்கு இயங்காமற் போகலாம்.

புளூ-ரே வட்டுகள்

2006-இல் அறிமுகமான புளூ-ரே வட்டுகளுக்கு மூன்று வட்டாரங்களே உள்ளன. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், தென் கொரியா, தென்கிழக்கு ஆசியா ஆகியன ஏ வட்டாரத்திலும், ஐரோப்பாவின் பெரும்பகுதி, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியன பி வட்டாரத்திலும், இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா ஆகியன சி வட்டாரத்திலும் அடங்கும். 2016-இல் வெளிவந்த 4கே அல்ட்ரா எச்டி புளூ-ரே வட்டுகளுக்கு வட்டாரக் குறியீடு இல்லை. ஆயினும் அவற்றுக்கான இயக்கிகள், சாதாரண புளூ-ரே, டிவிடி வட்டுகளை இயக்கும்போது வட்டாரத்தைச் சரிபார்க்கின்றன.

தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

* விளம்பரங்களில் காணப்படும் மல்டி சிஸ்டம், மல்டி ரீஜன் ஆகிய சொற்களின் பொருள் வேறு. முன்னது பிஏஎல், என்டிஎஸ்சி ஆகிய இரண்டையும் ஏற்பதையும், பின்னது வட்டாரத் தடையின்மையையும் குறிக்கும். பல நாட்டு வட்டுகளை வைத்திருப்பவருக்கு இரண்டும் தேவை.
* புளூ-ரே இயக்கி ஒன்று பல்வட்டார இயக்கி எனக் குறிப்பிடப்பட்டால், அது டிவிடிக்கு மட்டுமா, புளூ-ரே வட்டுகளுக்கும் பொருந்துமா என்பதை உறுதிசெய்தல் வேண்டும். பல இயக்கிகளில் டிவிடி தடை மட்டுமே நீக்கப்பட்டிருக்கும்.
* வட்டார எண்ணைக் கைமுறையாக மாற்ற இயலுமா என்று பார்க்க வேண்டும். 2000-இல் அறிமுகமான ஆர்சிஇ என்னும் கூடுதல் சோதனை கொண்ட வட்டுகள், எல்லா வட்டாரங்களையும் ஏற்குமாறு அமைக்கப்பட்ட இயக்கிகளை இனங்கண்டு மறுக்கின்றன. எண்ணை 1 எனத் துல்லியமாக அமைத்தால் அவை இயங்கும்.
* வெளிநாட்டிலிருந்து இயக்கியை வாங்கும்போது மின்னழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். 120 வோல்ட்டுக்கு மட்டுமே உரிய கருவியை இந்தியாவின் அல்லது இலங்கையின் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக இணைத்தால் பழுதாகிவிடும். 100-240 வோல்ட் எனக் குறிக்கப்பட்ட கருவிகள் இரண்டுக்கும் பொருந்தும்.

சில இயக்கிகளில், வட்டுத் தட்டைத் திறந்து வைத்துத் தொலைக் கட்டுப்பாட்டுக் கருவியில் குறிப்பிட்ட எண் வரிசையை அழுத்தினால் மறைந்துள்ள பட்டி தோன்றும். அதில் வட்டாரத்தை மாற்றலாம். எண் வரிசை ஒவ்வொரு மாதிரிக்கும் வேறுபடும் என்பதால், வாங்குமுன் குறித்த மாதிரியின் முழுப் பெயரையும் எண்ணையும் அறிந்திருத்தல் நன்று.

சட்டமும் விமர்சனமும்

வட்டாரக் குறியீடு பதிப்புரிமையைக் காப்பதில்லை, சந்தையைப் பிரிக்கவே பயன்படுகிறது என்பது இதன் மீதான முதன்மையான விமர்சனம். இக்கருத்து சில நாடுகளின் சட்டங்களிலும் இடம்பெற்றுள்ளது. ஆஸ்திரேலியாவில் 2006-இலும் நியூசிலாந்தில் 2008-இலும் செய்யப்பட்ட பதிப்புரிமைச் சட்டத் திருத்தங்கள், பாதுகாக்கப்பட வேண்டிய தொழினுட்ப ஏற்பாடுகளின் வரையறையிலிருந்து திரைப்படங்களுக்கான புவியியற் சந்தைப் பிரிவை விலக்கின.

இன்றைய நிலை

இணையவழித் திரைப்பட சேவைகள் பரவியதால் வட்டு இயக்கிகளின் சந்தை சுருங்கியுள்ளது. ஓப்போ நிறுவனம் 2018-இல் புளூ-ரே இயக்கி உற்பத்தியிலிருந்து விலகியது. எனினும் இணைய சேவைகளும் நாட்டுக்கு நாடு வேறுபட்ட படங்களையே வழங்குகின்றன. உரிமக் காலம் முடிந்ததும் படங்கள் நீக்கப்படுவதும் உண்டு. சொந்தமாக வாங்கிய வட்டுக்கு இந்நிலை இல்லை. ஆனால் அவ்வட்டின் பயன், அதனை ஏற்கும் இயக்கி ஒன்று கிடைப்பதைப் பொறுத்தே அமையும்.