நாற்றத்தை உண்ணும் நுண்ணுயிர்கள்

கழிவுநீர் வந்து சேரும் இடத்தில் நாற்றம் வீசுதல் இயல்பே என்பர் பலர். அந்நாற்றம் பிறக்குமாறு யாது? நிலத்தடிக் குழாய்களில் மெல்ல நகரும் நீரில் உயிர்வளி விரைவில் தீர்ந்துவிடுகின்றது. அதன்பின் உயிர்வளியின்றி வாழவல்ல நுண்ணுயிர்கள் பெருகி, நீரிற் கரைந்துள்ள சல்பேட்டு உப்புகளிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டையின் நாற்றம் இவ்வாயுவினுடையதே.

நூறு கோடிப் பங்கு காற்றில் இது சில பங்கே கலந்திருப்பினும் மூக்கு அறிந்துகொள்ளும். ஆனால் பத்து இலட்சத்திற்கு நூறு பங்கு என்னும் அளவை எட்டியதும் முகரும் ஆற்றலே மரத்துப்போகின்றது. நாற்றம் நீங்கிற்று என நம்பிச் சாக்கடைக் குழியினுள் மேலும் இறங்குவோன், வாயு மிகுந்த இடத்தில் சில மூச்சுகளிலேயே மயங்கி வீழ்வான். அவனை மீட்க இறங்கியவனும் உடன் மாண்ட செய்திகள் பல உண்டு.

ஆகவே சுத்திகரிப்பு நிலையங்களில் தொட்டிகளை மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சித் தூய்மை செய்வர். அக்காற்றைக் கோபுரம் ஒன்றினுள் செலுத்தி, எரிசோடாவும் குளோரின் சேர்மங்களும் கலந்த நீரை மழைபோற் பொழிவிப்பது ஒரு முறை. இம்முறை பயன் தரும். எனினும் அம்மருந்துகள் விலை மிக்கன. கையாள்வோர்க்கு ஊறு செய்யக் கூடியன.

மற்றொரு முறை உயிர்களின் துணையை நாடுவது. 1887ஆம் ஆண்டிலேயே வினொகிராட்ஸ்கி என்னும் ரஷிய அறிஞர், சில நுண்ணுயிர்கள் இவ்வாயுவைக் கந்தகமாகவும் கந்தக அமிலமாகவும் மாற்றி, அதனால் பெறும் ஆற்றலைக்கொண்டே வாழ்வதைக் கண்டறிந்தார். இவ்வினத்தைச் சேர்ந்தனவே கழிவுநீர்க் குழாய்களின் கூரையில் அமிலத்தைச் சுரந்து கான்கிரீட்டை அரிக்கின்றன என்பதை, 1945இல் ஆஸ்திரேலியாவில் பார்க்கர் என்பவர் விளக்கினார். குழாயைத் தின்னும் அவ்வுயிரினமே நாற்றத்தையும் தின்னுமன்றோ! 1957இல் அமெரிக்கராகிய போமராய், நாற்றமுள்ள காற்றை மண்படுகையின் வழியே செலுத்தி நுண்ணுயிர்களால் தூய்மை செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் மக்கிய உரமும் மரச்சிராய்களும் மண்ணுக்குத் துணையாயின.

ஆயினும் இத்தகைய படுகைகளில் காற்று அரை நிமிட அளவேனும் தங்கவேண்டும் என்றும், அதற்குப் பரந்த நிலம் தேவை என்றும் பலர் கருதினர். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் இக்கருத்து மாறியது. அங்கிருந்த மருந்துக் கோபுரம் ஒன்றை டெஷூசெஸ், காப்ரியேல் என்னும் இருவர் உயிர்க் கோபுரமாக மாற்றினர். உள்ளே நுரைப்பஞ்சுத் துண்டுகளை நிரப்பி, தூய்மை செய்யப்பெற்ற கழிவுநீரையே அவற்றின்மீது சொட்டவிட்டனர். நுண்ணுயிர்கட்கு வேண்டிய உணவுச் சத்தும் அந்நீரிலேயே இருந்தது. காற்று அங்குத் தங்கியது ஏறத்தாழ 2 நொடிதான். அதற்குள் ஹைட்ரஜன் சல்பைடில் 95 விழுக்காட்டிற்கு மேல் நீங்கிற்று. 2003இல் இதன் முடிவுகள் வெளியாயின.

இவ்வுயிர்களைப் பேணுதலும் ஒரு கலையே. ஈரம் குறைந்தால் அவை சோர்ந்துவிடும். அவை ஆக்கும் அமிலம் ஓயாது சேர்வதால், நீர் இடைவிடாமல் அதனைக் கழுவிச் செல்லவேண்டும். அவ்வாறு வடியும் அமிலநீரை மீண்டும் நிலையத்தின் கழிவுநீருடனேயே சேர்த்துவிடுவர்.