ஷேவ் பண்ணினா கழுத்து எரியுதா? ரேஸரின் தலையைக் கவனிங்க!

ஷேவ் செய்த மறுநாள் கழுத்தில் சிவந்த புள்ளிகள், எரிச்சல். காரணம் ரேஸராகவும் இருக்கலாம். பல பிளேடுகள் கொண்ட கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்தது தோல்மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடும். சுருள்முடி என்றால், வளரும்போது தோலுக்குள்ளேயே குத்தும். ஒரே பிளேடு மாட்டும் பழைய சேஃப்டி ரேஸருக்குப் பலர் திரும்புவது இதனால்தான்.

எதைப் பார்த்து வாங்குவது?

விலையை அல்ல, தலைப்பகுதியை. பிளேடு முனை எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது, அதற்கும் பாதுகாப்புப் பட்டைக்கும் இடைவெளி எவ்வளவு என்பதே முக்கியம். இரண்டும் குறைவாக இருந்தால் ரேஸர் மென்மையானது. அதிகமாக இருந்தால் அடர்ந்த தாடியும் சீக்கிரம் போகும். வெட்டுக்காயமும் சுலபமாக வரும். ஜப்பானின் ஃபெதர் ஏஎஸ்-டி2 மென்மைக்குப் பெயர்பெற்றது. ஜெர்மனியின் மெர்க்கூர் 34சி மிதமான ரகம், புதியவர்களுக்கும் ஒத்துவரும்.

மென்மைன்னா மழுங்கலா?

இல்லை. மென்மையான ரேஸருக்குக் கூர்மையான பிளேடுதான் சரியான ஜோடி. மழுங்கிய பிளேடு முடியைப் பிடித்து இழுக்கும்; நாமும் அழுத்துவோம். எரிச்சல் அங்கேதான் ஆரம்பம். பிளேடு சில ரூபாய்தான். நான்கைந்து ஷேவுக்கு ஒருமுறை மாத்திடுங்க.

எப்படிப் பிடிப்பது?

வெதுவெதுப்பான நீரில் முகத்தை நனைத்து, நன்றாக நுரை போடுங்க. ரேஸரைச் சுமார் 30 டிகிரி சாய்வில் பிடிங்க. அழுத்த வேண்டாம், அதன் எடையே போதும். முடி வளரும் திசையிலேயே இழுங்க. கழுத்தில் அந்தத் திசை மாறும்; முதலில் விரலால் தடவிப் பாருங்க.

அப்படியும் சீழ்க்கொப்புளம் குறையவில்லையா? அடுத்த ரேஸரைத் தேடாதீங்க, தோல் மருத்துவரைப் பாருங்க.